இரண்டாம் சனிக்கிழமை நடராஜருக்கு விடுமுறை

வார இறுதியில் குடும்பத்தோடு வெளியூர் போய் நாலு அருங்காட்சியகம் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசையா? நல்ல ஆசை. பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்குமுன் அரசு விடுமுறைப் பட்டியலைக் கையில் எடுங்கள். மாவட்ட அருங்காட்சியகங்களின் வாசல் பலகை இப்படிச் சொல்கிறது: வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களில் விடுமுறை. உங்களுக்கு லீவு கிடைக்கிற நாளாகப் பார்த்து அவர்களும் லீவு போடுகிறார்கள். நீங்கள் ஆபீஸில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கும் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, உங்களுக்காகவே கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்கள்.

குடியரசு தினத்தன்று குடிமகன் கலை பார்க்கக் கூடாது. சுதந்திர தினத்தன்று அந்தச் சுதந்திரம் கிடையாது. காந்தி ஜெயந்திக்கு டாஸ்மாக்கையும் அருங்காட்சியகத்தையும் சேர்த்தே மூடுகிறார்கள். இரண்டும் உடம்புக்குக் கெடுதல் என்று யாரோ ஒரு செயலர் முடிவு செய்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. டாஸ்மாக்குக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை இல்லை. இரண்டாம் சனியும் இல்லை. மக்கள் எப்போது வருவார்கள் என்று அந்தத் துறைக்குத் தெரிந்திருக்கிறது.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயும் ஒரு சோழ நாட்டு நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு 10 மணி வரை கதவு திறந்திருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனில் வெள்ளியும் சனியும் இரவு 9 மணி வரை. வேலை முடிந்து வருகிறவன் வரட்டும் என்று நினைக்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அதே வெள்ளிக்கிழமை பூட்டு. அங்கே ஆடும் நடராஜரும் இங்கே ஆடும் நடராஜரும் சோழர் காலப் பட்டறைகளில் பிறந்தவர்கள்தான். வெளிநாடு போனவர் ஓவர்டைம் பார்க்கிறார். உள்ளூரில் தங்கியவர் அரசு ஊழியராகிவிட்டார்.

எழும்பூரைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. 1851இல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்கள் அங்கே. நாகப்பட்டினத்துப் புத்தர்கள் அங்கே. திருவாலங்காட்டு நடராஜர் அங்கே. இந்த நடராஜரின் புகைப்படங்களைப் பாரிஸில் பார்த்துவிட்டு ரோதேன் என்ற சிற்பி சொக்கிப் போய்க் கட்டுரையே எழுதினார். நேரில் பார்க்காமலே எழுதினார். புத்திசாலி. நேரில் பார்க்கக் கிளம்பி, கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அது ஒரு வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் உலகத்துக்கு ஒரு கட்டுரை குறைந்திருக்கும். பான்தியன் சாலையில் ஒரு கெட்ட வார்த்தை கூடியிருக்கும்.

அதே வளாகத்தில் சிவப்புக் கல்லில் ஒரு மாளிகை நிற்கும். ஹென்றி இர்வின் வடிவமைத்தது. விக்டோரியா நினைவு மண்டபமாகப் பிறந்து தேசியக் கலைக்கூடமாக ஆனது. 1906இல் அடிக்கல், 1909இல் திறப்பு. கட்ட 3 ஆண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். பழுது பார்க்க 20 ஆண்டு போதவில்லை. கதவு மூடியபோது எல்.கே.ஜி.யில் இருந்த குழந்தை படித்து, வேலைக்குப் போய், கல்யாணமே செய்திருக்கும். அங்கே தொங்கிய ரவிவர்மா ஓவியங்களைக் காலண்டரில் பார்த்து வளர்ந்த தலைமுறை என்று நம் தாத்தாக்களைக் கேலி செய்தோம். தாத்தாக்களுக்காவது கலைக்கூடம் திறந்திருந்தது.

சரி, சென்னையை விடுங்கள். வெளியூர் போவதுதானே திட்டம். வெள்ளி இரவு கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக முட்டி மோதி, ஆம்னி பஸ்காரர் கேட்ட தொகையை அழுது, சனி காலை ஒரு மாவட்டத் தலைநகரில் இறங்குகிறீர்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் மற்ற மாவட்டத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், எங்கள் ஊரை ஏன் விட்டாய் என்று. அருங்காட்சியகம் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிக்கிறார். கலெக்டர் ஆபீஸ் தெரியும். கல்யாண மண்டபங்கள் தெரியும். நகைக்கடை தெரியும். கடைசியில் ஒரு பழைய கட்டடத்தின் முன் இறக்கிவிட்டு, "இதுவா பாருங்க சார்" என்கிறார். அவருக்கும் சந்தேகம்தான்.

வாசலில் வேப்பமரம். மரத்தடியில் வரிசையாகக் கற்சிலைகள். மூக்குடைந்த துர்க்கை, தலையில்லாத தீர்த்தங்கரர், ஒரு நவகண்ட வீரன். தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ளும் சிற்பம். அவன் எதற்காக அறுத்துக்கொண்டான் என்று பலகை இல்லை. இரண்டு மழைக்காலம் அங்கே நின்றால் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். உள்ளே போனால் பஞ்சடைத்த கீரிப்பிள்ளை. கண்ணாடிக் குடுவைக்குள் பாம்பு. பக்கத்தில் ஓலைச்சுவடி. அதற்குப் பக்கத்தில் ஒரு ஜில்லா வரைபடம், பிரிந்து போன மாவட்டங்களை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்விசிறி ஓடவில்லை. பாதி விளக்கு எரியவில்லை. காப்பாட்சியர் கூடுதல் பொறுப்பில் வேறு ஊரில் இருக்கிறார். மாற்றுப் பணியில் வந்த ஒரே ஒரு ஊழியர் சீட்டுக் கிழித்து, சீட்டைச் சரிபார்த்து, உள்ளே வந்து "தொடாதீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். அவரைத் திட்ட மனசு வரவில்லை. அந்தக் கட்டடத்தில் உயிரோடு பாதுகாக்கப்பட வேண்டிய ஒரே பொருள் அவர்தான்.

நுழைவுச் சீட்டைவிடக் கேமராச் சீட்டு பல மடங்கு. கேமரா என்பது தோளில் தொங்கும் பெட்டி என்று எந்தக் காலத்திலோ போட்ட உத்தரவு. இன்று ஆளுக்கொரு செல்போன். திருடனிடமும் இருக்கிறது. சிலையைப் படம் எடுத்துப் பேரனுக்குக் காட்ட நினைக்கும் தாத்தாதான் கட்டணம் கட்டுகிறார்.

இனி பெயர்ப்பலகைக்கு வருவோம். உண்மையான வயிற்றெரிச்சல் அங்கேதான். ஒரு சோழர் காலச் செப்புத் திருமேனி. அதன் காலடியில் தட்டச்சு செய்த ஒரு துண்டு: "பார்வதி. வெண்கலம். 12ஆம் நூற்றாண்டு." முடிந்தது. எந்த ஊர்ப் பார்வதி? யார் வார்க்கச் சொன்னது? மண்ணுக்குள்ளிருந்து வந்தாளா, கோயிலிலிருந்து வந்தாளா? கையில் இப்போது இல்லாத பூ எங்கே? கேட்காதீர்கள்.

இப்போது ஆயிரம் ஆண்டு பின்னால் போங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் அரசிகளும் அதிகாரிகளும் கொடுத்த செப்புத் திருமேனிகள் அறுபதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் கல்லில் கணக்கு வெட்டியிருக்கிறார்கள். உயரம் எத்தனை முழம், எத்தனை விரல். கை எத்தனை. பீடம் எப்படி. யார் கொடுத்தது. நகையில் முத்து எத்தனை, பவளம் எத்தனை, எடை என்ன. கோயில் சுவரே பதிவேடு. இத்தனைக்கும் அன்று கணினி கிடையாது, மின்னாளுமை கிடையாது, எண்மமயமாக்கலுக்கென்று உலக வங்கிக் கடன் கிடையாது. இருந்தது ஓர் உளி, கணக்கு கேட்கும் ஓர் அரசன்.

அந்தத் திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. கல்வெட்டு இருக்கிறது. பொருள் போய்விட்டது, ரசீது பத்திரமாக நிற்கிறது. நம் நிர்வாகத்தில் வழக்கமாக ரசீதும் சேர்ந்து போய்விடும். ராஜராஜன், அவன் அரசி லோகமாதேவி என்று சொல்லப்படும் சிலைகளே பெரிய கோயிலிலிருந்து நழுவி, ஆமதாபாத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் குடியிருந்தன. 2018இல் சிலைக் கடத்தல் தடுப்புப் போலீஸ் போய் அழைத்து வந்தது. கோயிலைக் கட்டியவரே காணாமல் போயிருக்கிறார். அவரைத் தேட அத்தனை வருஷம் யாருக்கும் நேரமில்லை. அவர் பேரில் விழா நடத்த மட்டும் ஒரு வருஷம் தவறியதில்லை.

தஞ்சையில் அரண்மனைக் கலைக்கூடம் நல்லபடியாக இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். சனி, ஞாயிறில் திறந்திருக்கிறது. 1951இல் உருவானது. அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011இல் வார்த்தது. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மடித்து, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை. எங்கே போனது என்று தெரியாது. ஆனால் அந்தக் கையின் சாய்விலேயே காளையின் முதுகு தெரிகிறது. இல்லாத மாட்டை இருப்பதாகக் காட்டிய கலைஞன் பேர் தெரியவில்லை. இருக்கிற சிலையை இல்லாததுபோல் வைத்திருக்கும் கலையில் நாம் அவனை மிஞ்சிவிட்டோம். அவர் எதிரே அரை மணி நேரம் உட்கார ஒரு பெஞ்சு போதும். இரண்டு கிலோமீட்டரில் பெரிய கோயில். அங்கே வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவரை இந்தப் பக்கம் திருப்ப ஓர் அம்புக்குறிப் பலகை போதும். இரண்டு செலவிலும் கமிஷன் தேறாது என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

பெரிய கோயிலுக்குள்ளேயே ஓர் ஓவியக்கூடம் இருப்பது பலருக்குத் தெரியாது. கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து சோழர் ஓவியம் எட்டிப் பார்ப்பதை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மூச்சுக் காற்றும் வெளிச்சமும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பது நியாயமான காரணம். ஒப்புக்கொள்கிறேன். என் சந்தேகம் ஒன்றுதான்: முக்கியப் புள்ளிகளுக்கு மூச்சுக் காற்று வராதா?

கீழடிக்குப் போங்கள், மனசு கொஞ்சம் ஆறும். மதுரையிலிருந்து பக்கம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், 18 கோடிக்கு மேல் செலவில், செட்டிநாட்டு வீட்டுச் சாயலில். காசு செலவானது கண்ணுக்குத் தெரிகிற அரசுக் கட்டடம். அதுவே அதிசயம். ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பானை ஓட்டுக்கு வயசு என்ன என்பதை டெல்லி இன்னும் முடிவு செய்யவில்லை. அங்கே அகழாய்வு நடத்திய அதிகாரி 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, 2025 மே மாதம் திருத்தி எழுதி வா என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே அந்த அதிகாரிக்கு மாற்றல். ஆதிச்சநல்லூர் அகழாய்வின் கதையும் இதுதான். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார், கிடைத்ததைப் பட்டியல் போட்டு அச்சிட்டார். 2004இல் நாம் தோண்டினோம். அறிக்கை வர 15 ஆண்டுக்கு மேல் ஆனது, அதுவும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு. மூவாயிரம் வருஷம் மண்ணுக்குள் காத்திருந்த முதுமக்கள் தாழிக்கு இன்னும் 15 வருஷம் பெரிதா என்று நினைத்திருப்பார்கள்.

அறிவிப்புக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. 2020 மத்திய பட்ஜெட்டில் ஆதிச்சநல்லூர் அடையாளச் சின்னமாகும் என்றார்கள். 2023 மாநில பட்ஜெட்டில் தஞ்சையில் மாபெரும் சோழர் அருங்காட்சியகம் என்றார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் 22 கோடிக்கு மேல் இன்னொன்று என்றார்கள். 2025 ஜூலையில் பிரதமர் அதே ஊருக்கு வந்து ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் பிரம்மாண்டச் சிலை என்றார். மாநில அரசு கட்டடம் என்றால் மத்திய அரசு சிலை என்கிறது. சோழனுக்கு யார் வாரிசு என்ற சண்டை. இரண்டு பேருமே சோழன் காலத்துப் பொருளை யார் துடைப்பது என்று சண்டை போட்டதில்லை. புதுச் சிலைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பேர் உண்டு, ஒப்பந்தக்காரர் உண்டு. பழைய சிலைக்கு அழுக்கும் பெயர்ப்பலகையும்தான் உண்டு. அதில் யார் பேரைப் போட முடியும்?

கடைசியாக ஒரே ஒரு சிலையைப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போடுங்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜர். அரியலூர் மாவட்டத்துக் கிராமம். பூட்டிக் கிடந்த சோழர் கோயிலில் 2006இல் பூட்டை உடைத்து எடுத்துப் போனார்கள். போனதே 2008இல்தான் தெரிந்தது. இரண்டு வருஷம் அந்தக் கோயில் கதவைத் திறந்து பார்க்க அரசாங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குள் சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரி, கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டார். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் 10 ஆண்டு போட்டது. இது நம்ம சாமிதான் என்று நிரூபிக்கப் படம் வேண்டுமே? நம் அறநிலையத்துறையின் அலமாரியிலிருந்து வரவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்தும் ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படத் தொகுப்பிலிருந்து வந்தது. அவர்கள் ஐம்பதுகளிலிருந்தே ஊர் ஊராகப் போய் நம் சாமிகளைப் படமெடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். கேமராச் சீட்டு வாங்கினார்களா என்று விசாரிக்க வேண்டும்.

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கைகுலுக்கல், படம், தலைப்புச் செய்தி. பிறகு சாமி தமிழ்நாடு வந்தார். ஸ்ரீபுரந்தானுக்குப் போகவில்லை. கும்பகோணத்தில் உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையம் என்று ஒன்று. அங்கே வைத்துப் பூட்டினார்கள்.

அவர் தனியாள் இல்லை. பத்தூர் நடராஜர் 1976இல் மண்ணிலிருந்து வெளிவந்து, கடத்தப்பட்டு, லண்டன் நீதிமன்றம் வரை போனார். அந்த வழக்கில் கோயிலின் சிவலிங்கமே ஒரு வாதி. சாமியே வழக்காடி ஜெயித்து 1991இல் நாடு திரும்பினார். திருவாரூர்ப் பாதுகாப்பு மையத்தில் அடைத்தார்கள். ஜெயித்தவருக்குச் சிறை கொடுத்த வழக்கு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். கூடவே டெல்டா மாவட்டக் கோயில்களிலிருந்து கொண்டுவந்த ஆயிரக்கணக்கான திருமேனிகள் அங்கே இருக்கின்றன. திருவிழா வந்தால் சிலரை மட்டும் கையெழுத்துப் போட்டு, போலீஸ் காவலோடு ஊருக்கு அனுப்புவார்கள். தீபாராதனை முடிந்ததும் திரும்ப உள்ளே. பரோல். திருடியவன் ஜாமீன் கேட்டுக்கொண்டிருக்கும் நாட்டில் திருடு போனவருக்குப் பரோல்தான் கிடைக்கிறது.

பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கிராமத்துக் கோயிலில் வைத்தால் மறுபடி போய்விடும் என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு உலகம் முழுக்க ஒரு மருந்து இருக்கிறது. கண்ணாடி, விளக்கு, அலாரம், காவலர், சீட்டு. அருங்காட்சியகம் என்று பேர். கான்பெராவில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். திருட்டுப் பொருளை வாங்கியவன் அதற்குக் கொடுத்த மரியாதையை, உரியவன் கொடுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் இருந்தவரை விசா எடுத்தால் பார்க்க முடிந்த சாமி அவர். இப்போது நம் பக்கத்து மாவட்டத்துக்கே வந்துவிட்டார். எங்களிடம் ஆதார் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, ஒழுங்காக வரி கட்டிய ரசீது இருக்கிறது. எதைக் காட்டினால் விடுவீர்கள்?